கேள்வி போட்டவர்கள் மட்டும்

அந்தக் கடிதத்தை நின்றபடியே வாசித்தேன். "தங்களால் சமர்ப்பிக்கப்பட்ட கேள்விப்பத்திரம் பூரணமற்றதாகக் காணப்பட்டமையால் நிராகரிக்கப்பட்டுள்ளது." ஒரே வரி. என்ன பூரணமில்லை, எந்தப் பக்கத்தில், எதுவும் இல்லை. தாளைத் திருப்பியும் பார்த்தேன். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

எங்கள் பக்கத்தில் டெண்டர் என்பதைக் கேள்வி என்போம். ஒரு பாலமோ வீதியோ கட்ட வேண்டுமென்றால் அரசாங்க அலுவலகம் பத்திரிகையில் 'கேள்வி கோரல்' என்று விளம்பரம் போடும். கொந்தராத்துக்காரர்கள், அதாவது ஒப்பந்தக்காரர்கள், தங்கள் விலையையும் விபரங்களையும் எழுதி, உறையில் இட்டு ஒட்டி, அங்கே இருக்கும் பெட்டிக்குள் போடுவார்கள். அதற்குப் பெயர் கேள்வி போடுவது. யாழ்ப்பாணப் பட்டினத்தில் ஒரு சின்னக் கொந்தராத்துக்காரரிடம் அந்தப் பத்திரங்களைத் தயாரிப்பதுதான் என் வேலை. பத்து வருடமாக அதையே செய்கிறேன். முதலாளி குருநகர்க்காரர். சீமெந்தையும் கம்பியையும் கையால் தொட்டே தரம் சொல்லிவிடுவார். தாளைக் கண்டால் மட்டும் அவருக்குக் கண் கூசும். அதனால் தாள் எல்லாம் என் பொறுப்பு.

வழமையாக ஒரு கேள்வி தோற்றால் தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் மறந்துவிடுவேன். இது அப்படி இல்லை. இது எங்கள் ஒழுங்கை என்னும் சந்தின் வாசலில், றோட்டு வெள்ளம் கீழால் போகக் கட்ட இருந்த மதகு. நான் குடியிருப்பது உரும்பிராய்க்கு அங்கால், தோட்டக் காணிகளுக்கு நடுவில். மாரி தொடங்கினால் றோட்டு வெள்ளம் முழுக்க ஒழுங்கைக்குள் இறங்கி, வெங்காயம் நட்ட தறைகளை மூடி, பிறகு முற்றத்துக்கு வரும். ஒரு மாரியில் பக்கத்து வீட்டு அக்காவின் கிணற்றில் ஊத்தைத் தண்ணீர் கலந்து, தை மாதம் வரைக்கும் அவர் எங்கள் கிணற்றில்தான் அள்ளினார்.

அநியாயம் நடந்துவிட்டது என்று எனக்கு உடனே தோன்றவில்லை. நான் எங்கே பிழை விட்டேன் என்றுதான் முதலில் நினைத்தேன். கந்தோரில், எங்கள் அலுவலகத்தில், வைத்திருந்த பிரதியை எடுத்துப் பக்கம் பக்கமாகப் பார்த்தேன். எல்லாவற்றிலும் முதலாளியின் கையெழுத்து இருந்தது. ஆனால் அது பிரதி. பெட்டிக்குள் போனது மூலம். அதில் எப்படி இருந்தது என்று இப்போது யாருக்குத் தெரியும்?

பின்னேரம் முதலாளி வேலைத்தளத்திலிருந்து வந்தார். கடிதத்தைக் கொடுத்தேன்.

"அண்ணை, காரணம் கேட்டு எழுதுவம். குடுத்த நாளுக்குள்ளை எழுதினால் அவை சொல்லத்தான் வேணும்."

"விடு தங்கச்சி."

"எங்கடை விலைதானே குறைவு. பெட்டி திறக்கேக்கை நீங்களும் நிண்டனீங்கள்."

"நிண்டனான். அதே கந்தோரிலை என்ரை இன்னும் ரெண்டு வேலை நிக்குது. ஒண்டுக்குக் கடைசி அளவெடுக்க ஆள் வரவேணும். மற்றதுக்குப் போன கிழமைதான் கேள்வி போட்டம். இப்ப நான் ஏன் எண்டு கேட்டால், நாளைக்கு என்ரை பேரைக் கண்ட உடனை பைலை அடியிலை வைப்பாங்கள்."

"அது எங்கடை ஒழுங்கை அண்ணை."

"உன்ரை ஒழுங்கை எண்டுதானே அந்தச் சின்ன வேலைக்குப் போனனான்."

அது உண்மை. அவர் சேட்டைக் கழற்றி உதறிவிட்டு முகம் கழுவப் போனார்.

அடுத்த நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு அந்த அலுவலகத்துக்குப் போனேன். கேள்விகளுக்குப் பொறுப்பான உத்தியோகத்தர் என் வயதுக்காரர், மெலிந்தவர். சாப்பாட்டுப் பார்சலை அவிழ்க்கப்போன கையை நிறுத்திவிட்டு, "இருங்கோ" என்றார்.

விசயத்தைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கேள்வி போட்டவர் வரேல்லையோ?" என்றார்.

"நான்தான் சேர் அந்தப் பத்திரத்தை எழுதினனான்."

"எழுதினது நீங்களாய் இருக்கலாம். போட்டவர் அவர். அவர் வரவேணும், இல்லாட்டி அவர் கையெழுத்து வைச்ச கடிதம் வேணும்."

"சரி, அதை விடுங்கோ. நான் அந்த ஒழுங்கையிலை இருக்கிறனான். தண்ணி வாறது எங்கடை முற்றத்துக்கு. அந்த வேலையை ஆருக்குக் குடுத்தது, ஏன் குடுத்தது எண்டு கேக்க எனக்கு உரிமை இல்லையோ?"

"ஆட்சேபனை எண்டால் இல்லை அம்மா. அது கேள்வி போட்ட ஆக்களுக்கு மட்டும்தான். எல்லாரும் ஆட்சேபிக்கலாம் எண்டு விட்டால், வேலிச் சண்டைக்காரன் ஒருத்தன் வந்து மதகை மறிப்பான். ஒரு வேலையும் நடவாது."

திரும்பி வரும் வழியெல்லாம் அவரோடு மனதுக்குள் சண்டை பிடித்தேன். சண்டை பிடிக்கப் பிடிக்க, அவர் சொன்னதிலும் பாதி சரி என்பது உறுத்தியது. எங்கள் ஒழுங்கையிலேயே ஒரு பூவரச மரத்துக்காக இரண்டு வீட்டுக்காரர் வருடக்கணக்காக முகம் பார்க்காமல் இருக்கிறார்கள். அவர்கள் கையில் இந்த உரிமை கிடைத்தால் என்ன நடக்கும் என்று எனக்கே தெரியும். அப்படியென்றால் கேட்க உரிமை உள்ளவர் பயந்து வாய் திறக்காமல் இருந்தால், பாதிக்கப்படுகிறவர் என்ன செய்வது? கோண்டாவில் சந்தியில் பின்னால் வந்த ஓட்டோக்காரர் கோர்ன் அடித்து ஏசினார். பச்சை விளக்கு வந்ததை நான் கவனிக்கவில்லை.

அதற்குப் பிறகு செய்ததை இன்றைக்கும் வெட்கத்தோடுதான் எழுதுகிறேன். முதலாளி வாரத்தில் ஒரு நாள் கடிதங்களுக்கு மொத்தமாகக் கையெழுத்து வைப்பார். நான் கோவையைத் திறந்து பிடிப்பேன், அவர் வாசிக்காமல் வைத்துக்கொண்டே போவார். காரணம் கேட்கும் கடிதம் ஒன்றைத் தட்டெழுதி, சீமெந்துக் கடைக்குப் போகும் இரண்டு கடிதங்களுக்கு நடுவில் வைத்தேன். ஆட்சேபிக்க இன்னும் ஒரு நாள்தான் இருந்தது.

அவர் வைத்துக்கொண்டே வந்தார். பேனா அந்தத் தாளுக்கு வந்தது. அவர் நம்பித்தான் வாசிக்காமல் விடுகிறார் என்பது அந்த நொடியில்தான் எனக்கு உறைத்தது.

"அண்ணை, அதை வாசிச்சிட்டு வையுங்கோ" என்றேன்.

மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டு வாசித்தார். பேனாவை மூடினார். "நீ சொல்லாமல் விட்டிருந்தால் வைச்சிருப்பன்."

"ஓம் அண்ணை. அதுதான் சொன்னனான்."

கடிதத்தை உருவி என்னிடம் தந்துவிட்டு, மிச்சத்துக்குக் கையெழுத்து வைத்தார். ஏசியிருந்தாலும் பரவாயில்லை என்று நினைத்தேன். மறுநாளோடு ஆட்சேபிக்கும் தவணை முடிந்தது.

வீட்டிலும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சோறு வைத்தேனா என்று அடுப்பை இரண்டு முறை போய்ப் பார்ப்பேன். என் கணவர் தோட்டக்காரர், அதிகம் கதைக்காதவர். ஒரு காலை வெங்காயப் பாத்திகளுக்குத் தண்ணீர் திருப்பிவிட்டுக்கொண்டு நின்றவர், நான் வரம்பில் அங்குமிங்கும் நடப்பதைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "உனக்கு இப்ப மதகு வேணுமோ, இல்லாட்டிப் பிழை உன்ரையோ இல்லையோ எண்டு தெரியவேணுமோ?"

"ரெண்டும்."

"ரெண்டாவதை எண்டாலும் கேட்டு அறி. தகவல் கேக்கிறதுக்கு எல்லாருக்கும் சட்டம் இருக்கெண்டு றேடியோவிலை சொன்னவங்கள்."

பத்து வருடமாகக் கடிதம் எழுதிப் பிழைக்கிறவளுக்கு அது தோன்றவில்லை. ஆட்சேபிக்கத்தான் கேள்வி போட்டிருக்க வேண்டும். தகவல் கேட்க நாட்டின் பிரசையாக இருந்தால் போதும். அந்த அலுவலகத்திலேயே படிவம் எடுத்து, என் பெயரில், என் வீட்டு விலாசத்தில் கொடுத்தேன். அந்த மெலிந்த உத்தியோகத்தர்தான் வாங்கித் திகதிச் சீல் குத்தினார். "இதுக்கு மறுமொழி வரும்" என்றார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

மறுமொழி வருவதற்குள் மதகு கட்டி முடிந்துவிட்டது. வேறொரு கொந்தராத்துக்காரர் கட்டினார். வேலை மோசம் என்று சொல்ல மாட்டேன். அவசரமாகக் கட்டினார்கள், அவ்வளவுதான். ஒவ்வொரு நாளும் அதைத் தாண்டித்தான் வேலைக்குப் போனேன்.

மறுமொழி உறை வந்த நாள் அதை வாசல் படலையடியில் வைத்தே கிழித்தேன். மதிப்பீட்டுக் குழுவின் அறிக்கையும் எங்கள் பத்திரத்தின் ஒரு பக்கப் போட்டோக்கொப்பியும் இருந்தன. இயந்திரங்களின் பட்டியல் எழுதும் பக்கம். சீல் இருந்தது. கையெழுத்து இல்லை.

என் பிழைதான். அன்று கந்தோர்ப் பிரதி எடுத்து முடிந்த பிறகு பட்டியலில் ஒரு திருத்தம் செய்து அந்தப் பக்கத்தைப் புதிதாக அச்சடித்தது நினைவுக்கு வந்தது. சீலைக் குத்திவிட்டேன், அவரிடம் நீட்ட மறந்துவிட்டேன். இவ்வளவு நாளும் அவர்கள் ஏதோ செய்துவிட்டார்கள் என்று உள்ளூர நம்பியிருக்கிறேன்.

பிறகுதான் அறிக்கையை வாசித்தேன். வென்றவரின் பெயருக்கு நேரேயும் ஒரு குறிப்பு இருந்தது. அவருடைய பத்திரத்திலும் ஒரு பக்கத்தில் கையெழுத்து இல்லை. 'சிறு குறைபாடு, கடிதம் மூலம் நிவர்த்தி செய்யப்பட்டது' என்று எழுதியிருந்தார்கள். எங்களுக்கு நிராகரிப்பு, அவருக்குக் கடிதம். இரண்டும் ஒரே தாளில், ஒன்றுக்குக் கீழே ஒன்று.

கந்தோருக்குப் போய் முதலாளியின் மேசையில் இரண்டையும் வைத்தேன். "முதல் பிழை என்ரை அண்ணை" என்றேன். அவர் எங்கள் பக்கத்தைப் பார்த்து, "கையெழுத்து வைக்கிறவன் நான். நான் பாத்திருக்கவேணும்" என்றார். அறிக்கையைப் பார்த்ததும் அந்த இரண்டு வரிகளையும் திரும்பத் திரும்ப வாசித்தார். காதுமடல் சிவந்தது.

"இதை முதலே கேட்டிருக்கலாம்" என்றேன்.

"கேட்டிருக்கலாம். இப்பவும் கேக்க மாட்டன் தங்கச்சி. பதினாலு பேர் என்னட்டை வேலை செய்யினம்."

அவரைக் கோழை என்று நினைக்க எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பதினான்கு பேரில் நானும் ஒருத்தி.

இந்த மதகிலிருந்து குளம் வரைக்கும் வெள்ளவாய்க்கால் வெட்ட வேண்டும். அது இரண்டாவது கட்டம். சில மாதங்களில் அதற்கும் விளம்பரம் வந்தது. கிராமச் சங்கங்களும் கேள்வி போடலாம் என்று அதில் இருந்தது. நான் அதை வெட்டி எடுத்து எங்கள் கிராம அபிவிருத்திச் சங்கத் தலைவியிடம் கொண்டுபோனேன். அவர் ஓய்வுபெற்ற குடும்பநல மாது. எங்கள் ஊரில் பாதிப் பேரைப் பிறந்த அன்றே கண்டவர். யாருக்கும் பயமில்லை.

"எங்களுக்கு வாய்க்கால் கட்டின அனுபவம் இல்லையே பிள்ளை. தருவாங்களோ?"

"தரமாட்டாங்கள் அம்மா. ஆனால் கேள்வி போட்டால் பெட்டி திறக்கேக்கை உள்ளை இருக்கலாம். ஏன் எண்டும் கேக்கலாம்."

அவர் விளம்பரத்தை மீண்டும் வாசித்தார். "கேக்கிறதுக்காண்டி ஒரு கேள்வி" என்று சொல்லிச் சிரித்தார். "எழுது."

முதலாளியிடம் மறைக்கவில்லை. இந்த முறை தான் போட்டியில் இல்லை என்றார். "செய். ஆனால் இஞ்சை இருந்து செய்யாதை. என்ரை கணினியிலையும் வேண்டாம்." சனசமூக நிலைய மேசையில் இருந்து கையால் எழுதினேன். ஒவ்வொரு பக்கத்துக்கும் தலைவி கையெழுத்து வைக்க, பொருளாளர் எண்ணிச் சொன்னார்.

பெட்டி திறக்கும் நாள் நாங்கள் நான்கு பேர் போனோம். மற்றவர்கள் எங்களை ஒரு மாதிரிப் பார்த்தார்கள். தலைவி கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் இருந்தார். குறித்த நேரம் ஆனதும் பெட்டியைத் திறந்து உறைகளை மேசையில் அடுக்கினார்கள். முதல் உறையைக் கிழிக்கும்போது ஒருவர் மூச்சு வாங்க உள்ளே வந்து, கையிலிருந்த உறையை நீட்டினார். மேசையில் இருந்த பெரியவர் ஒன்றும் சொல்லாமல் அதை வாங்கி அடுக்கின் மேல் வைத்தார்.

நான் மணிக்கூட்டைப் பார்த்தேன். தலைவி கையை உயர்த்தினார்.

"ஐயா, நேரம் முடிஞ்சுதெல்லே?"

"அவர் நேரத்துக்கு வாசலுக்கு வந்திட்டார் அம்மா. கீழை புத்தகத்திலை பதிஞ்சிருக்கு."

"பெட்டி திறந்த பிறகு உறை வந்தது. நாங்கள் நாலு பேரும் கண்டனாங்கள். அதைக் கூட்டக் குறிப்பிலை எழுதுங்கோ."

பெரியவர் சுற்றிப் பார்த்தார். அறையில் இருந்த மற்றக் கொந்தராத்துக்காரர்கள் எல்லோரும் தங்கள் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "நீங்கள் ஆர்?" என்று கேட்டார்.

"கேள்வி போட்ட ஆக்கள்" என்றார் தலைவி.

குறிப்பு எழுதிக்கொண்டிருந்தவர் அந்த மெலிந்த உத்தியோகத்தர்தான். அவர் பேனாவை நிறுத்தவில்லை. தலைவி சொன்னதைச் சொன்னபடியே எழுதி, வாசித்தும் காட்டினார். என்னை ஒரு தரம்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை.

பிந்தி வந்த உறைக்குத்தான் வேலை கிடைத்தது. எங்களுக்கு அனுபவம் போதாது என்று கடிதம் வந்தது. அது நியாயம்தான். அதைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதாமல், அந்த உறையைப் பற்றி மட்டும் ஆட்சேபனை எழுதினோம். கூப்பிட்டு விசாரித்தார்கள். நீண்ட மேசை, மின்விசிறி ஒன்று கிரீச்சிட்டுக்கொண்டிருந்தது. தலைவி பேசினார், நான் பக்கத்தில் இருந்து தாள்களை எடுத்துக் கொடுத்தேன். நாங்கள் வெல்லக் கூடியவர்கள் இல்லையே, பிறகு ஏன் இந்த ஆட்சேபனை என்று ஒருவர் கேட்டார். "வெல்லக் கூடிய ஆக்கள் வாய் திறக்கினமில்லை. அதுதான் நாங்கள் வந்தனாங்கள்" என்றார் தலைவி.

இரண்டு கிழமையில் முடிவு வந்தது. கேள்விகள் எல்லாம் இரத்து. திரும்பவும் புதிதாகக் கோரப்படும்.

சங்கத்தில் சிலர் கை தட்டினார்கள். எனக்கோ சந்தோசத்தோடு மனதில் ஒரு கணக்கும் ஓடியது. புதிதாகக் கோரினால் விளம்பரம், பெட்டி, மதிப்பீடு எல்லாம் முதலிலிருந்து. மாரிக்கு முன் வாய்க்கால் வராது.

வரவில்லை. ஐப்பசி மழையில் மதகால் இறங்கிய தண்ணீர் போக வழியில்லாமல் முன்பைவிட வேகமாக ஒழுங்கைக்குள் வந்தது. நானும் கணவரும் விதை வெங்காயத்தைப் பரணில் ஏற்றிக்கொண்டிருந்தோம். பக்கத்து வீட்டு அக்கா சீலையை முழங்கால் வரை தூக்கிக்கொண்டு, தண்ணீருக்குள் நின்றபடி என் படலையைத் தட்டினார்.

"உறை பிந்தி வந்தால் உனக்கென்ன? ஆர் கட்டினாலும் வாய்க்கால் வந்திருக்கும். என்ரை கிணறு திரும்பவும் போச்சு. உன்ரை சட்டத்தைக் கொண்டுபோய்க் குடி!"

கேள்வி போட்டவர்களுக்குத்தான் கேட்க உரிமை என்ற அந்த விதிப்படி பார்த்தால், அக்காவுக்கு என்னைக்கூடக் கேட்க உரிமை இல்லை. எங்கள் ஆட்சேபனையைப் பற்றி நாங்கள் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கவில்லை. அந்த நினைப்பு தண்ணீர் வற்றிய பிறகும் வற்றவில்லை. எங்கள் கிணற்றில் அள்ளும்படி கணவர் மூலம் சொல்லி அனுப்பினேன். அக்கா வரவில்லை. சந்திக் குழாயிலிருந்து தண்ணீர் சுமந்தார்.

வாய்க்கால் அடுத்த கோடையில் வந்தது. கட்டியவர் சாவகச்சேரிப் பக்கத்து ஆள், எங்களுக்கு முன்பின் தெரியாதவர். முதல் மழை பிடித்த அன்று நான் குடையோடு வெளியே வந்தேன். அக்காவும் வாய்க்காலின் அந்தப் பக்கம் வந்து நின்றார், தலையில் ஒரு துவாய். சருகும் பிளாஸ்ரிக் போத்தலும் சுழன்று சுழன்று குளத்துப் பக்கம் போயின.

"ஓடுது" என்றார், என்னைப் பார்க்காமல்.

"ஓம் அக்கா" என்றேன்.

இன்னும் ஏதாவது சொல்வார் என்று நின்றேன். அவர் துவாயைப் பிழிந்துகொண்டு உள்ளே போய்விட்டார்.